பேக்டு போட்டதும் போர்டு ஏன் தொங்குகிறது? ஸ்ட்ரக்ட்டுக்குள் இருக்கும் ஓட்டைகள் பற்றி

கடலூர் சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. எனர்ஜி மீட்டரிலிருந்து மாட்பஸ் ஆர்டியூ (தொழிற்கூடக் கருவிகள் கம்பி வழியே பேசிக்கொள்ளும் ஒரு நெறிமுறை) வழியாக 9 பைட் பதில் வருகிறது. முகவரி ஒரு பைட், ஃபங்ஷன் எண் ஒரு பைட், எத்தனை பைட் என்ற எண்ணிக்கை ஒரு பைட், மின்னழுத்தம் 4 பைட் ஃப்ளோட் (தசம எண்), கடைசியில் சிஆர்சி (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) 2 பைட். அதே வரிசையில் சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளை ஒரே கட்டாக வைக்கும் வகை) எழுதி வந்த பைட்டுகளை அதில் கொட்டினால் மதிப்பு குப்பையாக வருகிறது. அதன் அளவை சைஸ்ஆஃப் மூலம் கேட்டால் 12 பைட் என்கிறது. யாரோ சொல்லி, உறுப்புகளை இடைவெளி இல்லாமல் அடுக்கச் சொல்லும் பேக்டு ஆட்ரிப்யூட்டைப் போட்டார். 9 ஆனது. எஸ்டிஎம்32எஃப்103 போர்டில் மாதக்கணக்கில் ஓடியது. விலை குறைவு என்று எஸ்டிஎம்32எஃப்030-க்கு மாறியதும் முதல் பதில் வந்த உடனே ஹார்டுஃபால்ட், அதாவது பெரிய பிழை என்று செயலி வேலையை நிறுத்திவிடுகிறது. நடுவில் ஒரு டீபக் வேரியபிள் சேர்த்தால் ஓடுகிறது, எடுத்தால் தொங்குகிறது. "சிப் மோசமா? இல்லை, எல்லா ஸ்ட்ரக்ட்டுக்கும் பேக்டு போட்டால் சரியாகுமா?" என்று முடித்திருக்கிறார்.

சிப் மேல் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் பேக்டு போடவும் வேண்டாம். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது: வெளியிலிருந்து வரும் பைட்டுகள் மேல் என் ஸ்ட்ரக்ட்டைக் கோல அச்சு மாதிரி வைத்துப் பார்க்கலாமா? அச்சில் துளை எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் முடிவு செய்யவில்லை, கம்பைலர் முடிவு செய்கிறது. இது பிடிபட்டால் 12 ஏன், ஹார்டுஃபால்ட் ஏன், டீபக் வேரியபிள் மாயம் ஏன், மூன்றுக்கும் ஒரே விடைதான்.

பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நாலு பேர் கொண்ட ஒரு சின்னக் கூடத்தில் 17 வருடமாக இந்த மாதிரி போர்டுகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் 8 பிட் ஏவிஆர், அப்புறம் கார்ட்டெக்ஸ்-எம் (எஸ்டிஎம்32 சிப்களுக்குள் இருக்கும் 32 பிட் செயலி வகை). அதனால் என் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். உங்கள் கோடை நான் பார்க்கவில்லை. கேள்வியில் எழுதியதை வைத்து ஊகித்ததை ஊகம் என்றே சொல்கிறேன்.

முதலில் 12. நினைவகத்தை நாம் ஒரே நீள வரிசையாகக் கற்பனை செய்கிறோம். 32 பிட் செயலியின் பஸ் அதை நாலு நாலு பைட்டாக அடுக்கிய அலமாரித் தட்டுகளாகப் பார்க்கிறது. ஒரு தடவை கை நீட்டினால் ஒரு தட்டு வரும். நாலு பைட் எண் ஒன்று ஒரே தட்டில் முழுதாக உட்கார்ந்திருந்தால் ஒரு தடவையில் கிடைத்துவிடும். பாதி இந்தத் தட்டிலும் பாதி அடுத்த தட்டிலும் இருந்தால் இரண்டு தடவை எடுத்து, வெட்டி, ஒட்ட வேண்டும். அதைச் செய்யும் சுற்று சில செயலிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அந்த வம்பே வேண்டாம் என்று கம்பைலர் 2 பைட் பொருளை 2-ஆல் வகுபடும் முகவரியிலும், 4 பைட் பொருளை 4-ஆல் வகுபடும் முகவரியிலும் வைக்கிறது. இதுதான் அலைன்மென்ட். அப்படி வைப்பதற்காக நடுவில் விடும் காலி இடம்தான் பேடிங்.

உங்கள் ஸ்ட்ரக்ட்டில் முதல் மூன்று பைட்டும் 0, 1, 2-இல் உட்காருகின்றன. ஃப்ளோட் 3-இல் உட்கார முடியாது, 4-க்குப் போகிறது, 3 காலி. ஃப்ளோட் 4 முதல் 7 வரை. சிஆர்சி 8, 9. இதோடு 10-தானே ஆகிறது, 12 எப்படி? இதே ஸ்ட்ரக்ட்டை அரேயாக வைத்தால் அரேயின் உறுப்புகளுக்கு நடுவே இடைவெளி விட சி மொழியில் அனுமதி இல்லை. ஒரு உறுப்பு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கியாக வேண்டும். இரண்டாவது உறுப்பின் ஃப்ளோட்டும் 4-ஆல் வகுபடும் முகவரியில் விழ வேண்டுமென்றால் மொத்த அளவே 4-இன் மடங்காக இருந்தால்தான் ஆகும். அதனால் கடைசியில் இன்னும் 2 பைட் காலி. நடுவில் விழும் ஓட்டை எல்லோர் கண்ணிலும் படும். வாலில் விழும் இந்த ஓட்டையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

மீட்டர் 230 வோல்ட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட்டாக அதன் நாலு பைட்டுகள் பதினாறடிமானத்தில் 43, 66, 00, 00. கம்பியில் வருவது 01, 03, 04, 43, 66, 00, 00, பிறகு சிஆர்சி. உங்கள் பழைய ஸ்ட்ரக்ட் ஃப்ளோட்டை 4-ஆவது இடத்திலிருந்து படித்தது, அதாவது 43-ஐ விட்டுவிட்டு 66, 00, 00 என்று எடுத்து, சிஆர்சியின் முதல் பைட்டையும் சேர்த்துக்கொண்டது. சிஆர்சி உறுப்போ ஒரு பைட்டை உள்ளேயும் இன்னொரு பைட்டைப் பதில் முடிந்த பிறகு பஃபரில் கிடந்த குப்பையிலிருந்தும் எடுத்தது. மதிப்பு ஒழுங்காக வந்திருந்தால்தான் அதிசயம்.

இனி பேக்டு. அது கம்பைலரிடம் இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, ஓட்டை விடாதே. இரண்டு, இந்த ஸ்ட்ரக்ட் எந்த முகவரியிலும் இருக்கலாம், இதன் அலைன்மென்ட் 1 என்று வைத்துக்கொள். இரண்டாவதுதான் முக்கியம், அதை யாரும் சொல்வதில்லை. நீங்கள் ஸ்ட்ரக்ட்டின் பெயரைச் சொல்லி, புள்ளி வைத்து உறுப்பைப் படிக்கும்வரை கம்பைலருக்கு இது தெரியும். எஃப்030-இல் இருப்பது கார்ட்டெக்ஸ்-எம்0. அதற்கு வேண்டிய கோடைத் தயாரிக்கும்போது நாலு பைட்டையும் தனித்தனியாக எடுத்து ஒட்டும் கோடை கம்பைலரே எழுதிவிடும். கொஞ்சம் நீளம், கொஞ்சம் மெதுவு, ஆனால் ஃபால்ட் வராது.

வருவது எப்போது என்றால் அந்த உறுப்பின் முகவரியை எடுத்து ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது. இங்கேதான் என் ஊகம். மாட்பஸில் பெரிய பைட் முதலில் வரும், உங்கள் செயலி சின்ன பைட்டை முதலில் வைப்பது. ஆகவே எங்கேயோ பைட்டுகளைத் திருப்பிப் போடும் ஒரு ஃபங்ஷன் எழுதியிருப்பீர்கள், அதற்கு ஃப்ளோட்டின் முகவரியை பாயின்டராகக் கொடுத்திருப்பீர்கள். அந்த ஃபங்ஷனுக்குள் போனதும் பேக்டு என்ற செய்தி காணாமல் போய்விடுகிறது. உள்ளே இருப்பது வெறும் 32 பிட் பாயின்டர். 32 பிட் பாயின்டர் என்றாலே 4-ஆல் வகுபடும் முகவரி என்று நம்ப கம்பைலருக்கு முழு உரிமை உண்டு, நாலு பைட்டையும் ஒரே தடவையில் படிக்கும் எல்டிஆர் கட்டளையைப் போட்டுவிடும். முகவரி 3-இல் முடிகிறது. எம்0-க்கு அலைன் ஆகாத முகவரியைப் படிக்கும் வழியே கிடையாது, நேராக ஹார்டுஃபால்ட்.

எஃப்103 ஏன் ஓடியது? அதில் இருப்பது எம்3. படிக்கும் எல்டிஆர், எழுதும் எஸ்டிஆர் என்ற சாதாரணக் கட்டளைகள் அலைன் ஆகாத முகவரிக்குப் போனாலும் அது உள்ளுக்குள்ளேயே இரண்டு தடவை எடுத்து ஒட்டிக் கொடுத்துவிடும். உங்கள் தப்பு அங்கேயும் இருந்தது, செயலி மூடி மறைத்துக்கொண்டிருந்தது. முழுக்க மறைக்கும் என்றும் நம்ப வேண்டாம். எம்3-இலும் எம்4-இலும்கூட ஒரே கட்டளையில் பல ரிஜிஸ்டர்களைப் படிக்கும் எல்டிஎம், இரட்டையாகப் படிக்கும் எல்டிஆர்டி போன்றவை அலைன் ஆகாவிட்டால் ஃபால்ட்தான். எம்4-இல் ஃப்ளோட் வன்பொருளை இயக்கிவிட்டால் ஃப்ளோட்டைப் படிக்கும் விஎல்டிஆர் கட்டளையும் அப்படியே. ஆக எம்3-இல் ஓடிய அதே கோடு, அதைவிடப் பெரிய எம்4-இல் விழலாம். அதே எம்3-இல் ஆப்டிமைசேஷன் அளவை ஒரு படி ஏற்றியதும் விழலாம், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு எல்டிஆரை ஒரே எல்டிஆர்டியாகச் சேர்ப்பது கம்பைலரின் இஷ்டம். பழைய ஏஆர்எம்7 காலத்தில் இன்னும் மோசம்: ஃபால்ட்டும் வராது, பைட்டுகளைச் சுழற்றி வைத்து வேறு எண்ணைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். ஹார்டுஃபால்ட் வந்ததே நல்லது என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

டீபக் வேரியபிள் மாயத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. பேக்டு ஸ்ட்ரக்ட்டின் அலைன்மென்ட் 1 என்பதால் லிங்கர் (நிரலின் பகுதிகளுக்கு நினைவக இடம் ஒதுக்கும் கருவி) அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கும். ஸ்ட்ரக்ட் 4-இன் மடங்கில் தொடங்கினால் ஃப்ளோட் மடங்கு தாண்டி 3-இல் விழும். நடுவில் ஒரு பைட் வேரியபிள் வந்து ஸ்ட்ரக்ட் ஒரு இடம் தள்ளித் தொடங்கினால் ஒன்றும் மூன்றும் நாலு, ஃப்ளோட் தானாகவே அலைன் ஆகிவிடும்! ஓடுகிறது என்று நீங்கள் கண்டது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிரிண்ட் வரி சேர்த்தால் பிழை போய்விடுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதி), இரண்டாவது அலைன்மென்ட்.

ஊகத்தை உறுதிசெய்ய ஒரு வழி. எம்3-இலும் எம்4-இலும் ஃபால்ட் நிலை ரிஜிஸ்டரில் அலைன் ஆகாத அணுகல் என்று தனி பிட்டே இருக்கிறது. எம்0-இல் அந்த ரிஜிஸ்டரே கிடையாது. ஆனாலும் ஃபால்ட் வரும்போது செயலி எட்டு வார்த்தைகளை ஸ்டாக்கில் தள்ளிவிட்டுத்தான் போகும்: ஆர்0 முதல் ஆர்3, ஆர்12, எல்ஆர், பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர். ஸ்டாக் பாயின்டரிலிருந்து 24 பைட் தள்ளி இருப்பது பிசி, அதாவது ஃபால்ட் வந்த கட்டளையின் முகவரி. அந்த முகவரியில் என்ன கட்டளை என்று டிஸ்அசெம்பிளியில் (கம்பைலர் உண்டாக்கிய கட்டளைகளின் பட்டியலில்) பாருங்கள். அது எல்டிஆராக இருந்து, அது முகவரியாகப் பயன்படுத்திய ரிஜிஸ்டரோடு கட்டளையில் உள்ள ஆஃப்செட்டையும் கூட்டினால் வரும் எண்ணின் கடைசி இலக்கம் பதினாறடிமானத்தில் 0, 4, 8, சி தவிர வேறு எதுவாக இருந்தாலும் ஆள் இவன்தான். அந்த நான்கில் ஒன்றாக இருந்தால் நான் சொன்னது தப்பு. ஸ்டாக் நிரம்பி வழிந்ததா, கெட்டுப்போன பாயின்டரா என்று வேறு பக்கம் தேட வேண்டியதுதான்.

இப்போது எது உறுதி, எது சமயத்துக்குச் சமயம் மாறும் என்று பிரித்துவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பாதி இதைக் குழப்பிவிடுகின்றன. சி மொழித் தரம் வாக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். உறுப்புகள் நீங்கள் எழுதிய வரிசையிலேயே இருக்கும், கம்பைலர் வரிசையை மாற்றாது. முதல் உறுப்புக்கு முன்னால் ஓட்டை இருக்காது, ஸ்ட்ரக்ட்டின் முகவரியும் முதல் உறுப்பின் முகவரியும் ஒன்றே. நடுவிலும் கடைசியிலும் ஓட்டை இருக்கலாம். ஒரு உறுப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று ஆஃப்செட்ஆஃப் மூலம் கேட்டால் உண்மையைச் சொல்லும். அவ்வளவுதான். எத்தனை பைட் ஓட்டை, எந்த வகைக்கு எத்தனை அலைன்மென்ட் என்பதைத் தரம் சொல்வதில்லை, அந்தந்த மேடையின் அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ் (நினைவகத்தில் எதை எப்படி அடுக்குவது என்ற ஒப்பந்தம்) சொல்கிறது. 8 பைட் டபுளை ஸ்ட்ரக்ட்டுக்குள் 32 பிட் லினக்ஸ் இன்டெல் செயலியில் 4-இன் மடங்கில் வைக்கும். அதே செயலியில் 32 பிட் விண்டோஸ் 8-இன் மடங்கில் வைக்கும். ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டில் இருக்கும் 8 பிட் ஏவிஆரில் எல்லாவற்றுக்கும் அலைன்மென்ட் 1, ஓட்டையே கிடையாது. யூனோவில் பழகிவிட்டு 32 பிட்டுக்கு வருபவர்கள் தடுமாறுவது இதனால்தான். கற்றுக்கொண்ட இடத்தில் அந்தப் பிரச்சினையே இல்லை. பிட்ஃபீல்டு (பிட் கணக்கில் அளவு சொல்லும் உறுப்பு) எந்தப் பக்கத்திலிருந்து நிரம்பும் என்பதும் கம்பைலரின் விருப்பம். பேக்டு என்பதோ தரத்திலேயே இல்லை, ஜிசிசி, கிளாங் போன்றவை தரும் கூடுதல் வசதி. அதே மாதிரி வேலை செய்யும் பிராக்மா பேக் மைக்ரோசாஃப்ட் பக்கத்திலிருந்து வந்தது, மற்ற கம்பைலர்களும் ஏற்றுக்கொண்டன.

ஓட்டைக்குள் என்ன இருக்கும் என்பதற்கும் வாக்கு இல்லை. இதில் நானே அடிபட்டிருக்கிறேன், அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு இறால் பண்ணைக்கு ஏரேட்டர் மோட்டார்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுத்தோம். எஃப்103 தான். அமைப்புகளை ஒரு ஸ்ட்ரக்ட்டில் வைத்து ஃபிளாஷின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இப்போதைய மதிப்புகளை ஒரு லோக்கல் ஸ்ட்ரக்ட்டில் நிரப்பி, ஃபிளாஷில் இருப்பதோடு மெம்கம்ப்பால் பைட் பைட்டாக ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் அழித்து எழுதும். மாதத்துக்கு நாலைந்து தடவை எழுதினால் அதிகம் என்று கணக்கு. மூன்றாவது மாதத்தில் பெட்டிகள் அமைப்புகளை மறக்கத் தொடங்கின.

கடற்கரை ஓரம், குளத்து நீரோ உப்பு. யாராக இருந்தாலும் உப்புக்காற்றைத்தான் குற்றம் சொல்வார்கள், நானும் சொன்னேன். கனெக்டர்களை மாற்றினோம், போர்டுக்குப் பூச்சு அடித்தோம், பெட்டி விளிம்பில் சிலிக்கான் தடவினோம். மூன்று தடவை பஸ் ஏறிப் போய் வந்த பிறகுதான் ஒரு போர்டை மேசையில் வைத்து இரண்டு ஸ்ட்ரக்ட்டையும் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தேன். 1, 2, 3-ஆம் பைட்டுகள் மட்டும் வேறு வேறு. முதல் உறுப்பு 8 பிட், இரண்டாவது 32 பிட், நடுவில் மூன்று பைட் ஓட்டை. லோக்கல் ஸ்ட்ரக்ட் ஸ்டாக்கில் இருக்கிறது, உறுப்புகளை நிரப்பினேன், ஓட்டையை நிரப்பவில்லை. முன்பு அந்த இடத்தில் ஓடிய ஏதோ ஒரு ஃபங்ஷனின் எச்சம் அதில் கிடந்தது. மெம்கம்ப்புக்கு உறுப்பு, ஓட்டை என்ற பேதம் தெரியாது; மாறிவிட்டது என்றது, எழுதினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 288. அந்தச் சிப்பின் ஃபிளாஷ் பக்கத்துக்குக் கொடுத்திருக்கும் உறுதி 10,000 முறை. 35 நாளில் தீர்ந்துவிடும் கணக்கு. இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியதே சிப்பின் பெருந்தன்மை. பட்டறையில் சோதித்தபோது ஏன் தெரியவில்லை என்றால், இங்கே குறுக்கீடுகள் குறைவு, ஸ்டாக்கில் ஒவ்வொரு தடவையும் ஒரே எச்சம்தான் கிடந்தது.

முதலில் மெம்செட் போட்டுப் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்பினேன், நின்றுவிட்டது. ஆனால் தரத்தை எடுத்துப் படித்தால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒரு உறுப்பில் மதிப்பை வைக்கும்போதே ஓட்டைப் பைட்டுகள் எந்த மதிப்பையும் ஏற்கலாம் என்கிறது. நடைமுறையில் மெம்செட் பெரும்பாலும் வேலை செய்யும். பெரும்பாலும் என்பதில் மூன்று பஸ் பயணம் அடங்கியிருக்கிறது. இப்போதெல்லாம் ஓட்டை விழும் இடத்தில் ரிசர்வ்டு என்று பெயர் வைத்து மூன்று பைட் அரேயை நானே போட்டுவிடுகிறேன். பெயர் இருந்தால் அது உறுப்பு, பூஜ்யம் வைத்தால் பூஜ்யமாகவே இருக்கும். சிஆர்சி கணக்கிடவும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஓட்டையோடு சேர்த்து சிஆர்சி போட்டால் சில நாள் பொருந்தும், சில நாள் பொருந்தாது. லினக்ஸ் கெர்னலில் இதுவே பாதுகாப்புப் பிழையாகவும் ஆகியிருக்கிறது: ஸ்ட்ரக்ட்டை அப்படியே பயனர் நிரலுக்கு நகலெடுக்கும்போது ஓட்டையில் கிடந்த கெர்னல் ஸ்டாக் எச்சமும் வெளியே போய்விடும்.

சரி, உங்கள் மாட்பஸுக்கு வருவோம். நான் செய்வது இது. வரும் பைட்டுகளை வெறும் 8 பிட் அரேயாகவே வைத்துக்கொள்வேன். 3, 4, 5, 6-ஆம் பைட்டுகளை எடுத்து 24, 16, 8, 0 என்று இடப்பக்கம் நகர்த்தி ஓர் 32 பிட் எண்ணாக்கி, அதை மெம்காப்பியால் ஃப்ளோட்டுக்குள் வைப்பேன். இதில் அலைன்மென்ட், பைட் வரிசை, பேக்டு எதுவும் நுழைவதே இல்லை. எந்தச் செயலியிலும் ஒரே விடை. நகர்த்தும் முன் ஒவ்வொரு பைட்டையும் குறியில்லா 32 பிட்டுக்கு காஸ்ட் செய்ய (வகை மாற்ற) மறக்காதீர்கள். அந்த 8 பிட் யூனோவில் இன்ட் என்பதே 16 பிட், அதை 24 இடம் நகர்த்துவது வரையறையற்ற செயல். 32 பிட் போர்டிலும் மேல் பிட் 1 ஆக இருந்தால் குறியுள்ள எண்ணில் அதே கதைதான். சிஆர்சி மட்டும் தலைகீழ்: மாட்பஸில் தரவு பெரிய பைட் முதலில், சிஆர்சி சின்ன பைட் முதலில். இதில் தடுக்கி விழாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்படி நகர்த்தி ஒட்டினால் மெதுவாகாதா என்று யாராவது கேட்பார்கள். 9600 வேகத்தில் 9 பைட் வந்து சேரவே கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் ஆகிறது. நாலு நகர்த்தல் மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். நிலையான அளவுள்ள சின்ன மெம்காப்பியை ஆப்டிமைசேஷன் போட்ட கம்பைலர் ஃபங்ஷனாக அழைப்பதுகூட இல்லை, ரிஜிஸ்டர் நகர்த்தலாக மாற்றிவிடும். பைட் அரேயின் பாயின்டரை ஸ்ட்ரக்ட் பாயின்டராக காஸ்ட் செய்யும் பழக்கத்துக்கு அலைன்மென்ட் தவிர இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரு வகையாக வைத்ததை வேறு வகையாகப் படிக்கக் கூடாது என்ற ஏலியாசிங் விதி. அது தனிக் கேள்வி. மெம்காப்பி இரண்டிலிருந்தும் தப்பிக்க வைக்கும்.

பேக்டுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. நாம் தேர்ந்தெடுக்காத அமைப்புகள் பல அலைன்மென்ட்டை மதிக்காமலே பிறந்தவை. பிஎம்பி படக் கோப்பின் தலைப்பு 14 பைட், சாதாரண ஸ்ட்ரக்ட்டாக எழுதினால் 16 என்று வரும். ஃபேட் கோப்பமைப்பில் ஒரு செக்டாருக்கு எத்தனை பைட் என்ற 2 பைட் எண் 11-ஆவது இடத்தில், ஒற்றைப்படையில் இருக்கிறது. ஈதர்நெட் தலைப்பு 14 பைட் என்பதால் அதற்குப் பின் வரும் ஐபி தலைப்பு 4-இன் மடங்கில் விழாது. அதற்காகவே லினக்ஸில் பாக்கெட்டுக்கு முன்னால் 2 பைட் தள்ளி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில், பெயர் சொல்லி உறுப்பைப் படித்து உடனே லோக்கல் வேரியபிளுக்கு நகலெடுத்துவிட்டு, உறுப்பின் முகவரியை யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் பேக்டு பரவாயில்லை. ஜிசிசி 9 முதல் பேக்டு உறுப்பின் முகவரியை எடுத்தால் எச்சரிக்கை இயல்பாகவே வரும். உங்கள் பில்டில் அது மற்ற ஐம்பது எச்சரிக்கைகளுக்கு நடுவே ஓடிப்போயிருக்கலாம், தேடிப் பாருங்கள். வன்பொருள் ரிஜிஸ்டர்களுக்கு எழுதும் ஸ்ட்ரக்ட்டில் மட்டும் பேக்டு வேண்டவே வேண்டாம். எம்0 மாதிரி இடத்தில் கம்பைலர் ஒரு 32 பிட் ரிஜிஸ்டரை நாலு பைட் அணுகலாக உடைத்துவிடும், அந்தச் சாதனமோ முழு வார்த்தையை மட்டுமே ஏற்றுக்கொள்வதாக இருக்கும்.

உங்கள் நிரலுக்குள்ளேயே வாழும் ஸ்ட்ரக்ட்டுகளுக்கு இடம் மிச்சப்படுத்த பேக்டு தேவையில்லை, வரிசையை மாற்றினாலே போதும். 8 பிட், 32 பிட், 8 பிட், 16 பிட் என்று எழுதினால் 12 பைட். பெரியதிலிருந்து சின்னதாக 32, 16, 8, 8 என்று எழுதினால் அதே தகவல் 8 பைட். எஃப்103சி8-இல் மொத்த ரேமே 20 கிலோபைட். லாக் வைக்கும் அரேயில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்பது சும்மா இல்லை. சி இதைத் தானாகச் செய்யாது, ரஸ்ட் மொழி செய்யும்; வரிசை அப்படியே வேண்டுமென்றால் ரஸ்ட்டில் சி மாதிரி வை என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஸ்ட்ரக்ட் வைத்துக்கொண்டு 4 பைட்டுக்காக வரிசையைக் கலைக்காதீர்கள், படிப்பவருக்குத்தான் கஷ்டம்.

வந்த பைட்டுகளைப் பிரித்துப் படிக்கும் நிரலை (பார்சர்) கணினியில் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டெல் செயலி அலைன் ஆகாத அணுகலைப் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். 64 பைட் கேஷ் வரிசையைத் தாண்டி விழுந்தால்தான் கொஞ்சம் நேரம் போகும். அதனால் உங்கள் பிழை அங்கே தெரியாது. ஜிசிசியிலோ கிளாங்கிலோ, ஓடும்போதே பிழையைப் பிடிக்கும் சானிடைசரை அலைன்மென்ட் சோதனையோடு இயக்கிவிட்டு ஓட்டினால், தப்பு நடக்கும் வரியையே காட்டும். லூப்பை வெக்டராக்கும் அளவுக்கு ஆப்டிமைசேஷன் போனால் இன்டெலிலும் விழும்: 16 பைட் அலைன்மென்ட் கேட்கும் எஸ்எஸ்இ கட்டளைகள் ஈவு இரக்கம் பார்ப்பதில்லை. சி11-இல் வந்த ஸ்டாட்டிக் அசெர்ட்டை ஒவ்வொரு முக்கிய ஸ்ட்ரக்ட்டுக்குக் கீழேயும் போட்டு, சைஸ்ஆஃப் இவ்வளவு, இந்த உறுப்பின் ஆஃப்செட் இவ்வளவு என்று எழுதி வையுங்கள். சிப் மாற்றியதில் இந்த எண்கள் மாறினால் பில்டிலேயே நின்றுவிடும். ஓட்டைகளை மொத்தமாகப் பார்க்க லினக்ஸில் பாஹோல் என்று ஒரு கருவி இருக்கிறது, டீபக் தகவலோடு பில்ட் செய்த ஈஎல்எஃப் கோப்பைக் கொடுத்தால் எந்த ஸ்ட்ரக்ட்டில் எங்கே எத்தனை பைட் காலி என்று வரைந்து காட்டும்.

கடைசியாக, மாற்றி எழுதிய பிறகு மின்னழுத்தம் 0.00 என்று வந்தால் பயந்துவிடாதீர்கள், அது வேறு விஷயம். ஒரு ரிஜிஸ்டருக்குள் பைட் வரிசையை மாட்பஸ் முடிவு செய்திருக்கிறது, ஆனால் இரண்டு ரிஜிஸ்டர் சேர்ந்த ஃப்ளோட்டில் எந்த ரிஜிஸ்டர் முதலில் என்பதை மீட்டர் செய்பவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு வைக்கிறார்கள். 43, 66, 00, 00 வர வேண்டிய இடத்தில் 00, 00, 43, 66 வந்தால் ஃப்ளோட்டாக அது பூஜ்யத்துக்கு ஒட்டிய ஒரு துளி எண். முதலில் நாலு பைட்டையும் அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். ஹார்டுஃபால்ட் இன்னும் வந்தால், ஸ்டாக்கில் 24-ஆவது இடத்தில் கிடைத்த பிசி மதிப்பையும், அந்த இடத்து டிஸ்அசெம்பிளி நாலு வரியையும், எட்டு வார்த்தைகளையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.